உடம்பு சொல்லும் பொய்

செங்கல்பட்டை ஒட்டியிருக்கும் திருமணியில் தொழுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை ஏறக்குறைய நூறாண்டாக இயங்கிவருகிறது. 1955இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட பிறகு அது மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று. அதற்கு முன் அதன் பெயர் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1940களில் அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் ராபர்ட் காக்ரேன். இன்றும் தொழுநோய்க்குக் கொடுக்கப்படும் டாப்சோனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். 1947இல் அவர் ஒரு விருந்தாளியைத் திருமணிக்கு அழைத்துவந்தார். வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து அதிகக் காலம் ஆகாத அறுவை மருத்துவர் பால் பிராண்ட்தான் அந்த விருந்தாளி. மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர்.

விரல்கள் உள்பக்கமாக மடங்கிப்போயிருந்த ஒரு நோயாளியிடம், என் கையைப் பிடித்து அழுத்துங்கள் என்றார் பிராண்ட். செத்த கை என்று நினைத்திருந்தார். நோயாளி அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. அழுத்தியவருக்கோ தான் இத்தனை பலமாகப் பிடித்திருப்பதே தெரியவில்லை. பிராண்டின் மீதி வாழ்நாளைத் தீர்மானித்தது அந்தக் கைகுலுக்கல்.

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் உள்வெப்பம் ஒத்துவராது; குளிர்ந்த இடமாகத் தேடும். அதனால் தோலிலும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளிலும் குடியேறுகிறது. முழங்கையின் உள்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், கணுக்காலின் உள்பக்கம் போன்ற இடங்கள் அதற்கு வசதி. அங்கே நரம்பு வீங்கி நசுங்கும்போது அதற்குக் கீழே உணர்ச்சி போகிறது, சில தசைகளும் செயலிழக்கின்றன. முன்கையில் உள்ள பெரிய தசைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவை இழுத்துக்கொண்டே இருக்க, எதிர்த்து நிமிர்த்தும் சிறு தசைகள் இல்லாததால் விரல்கள் மடங்குகின்றன. பலம் இருக்கிறது, உணர்வு இல்லை. இது புரிந்ததும் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றிக் கட்டி விரல்களை நிமிர்த்தும் அறுவைகளை வேலூரில் தொடங்கினார்.

விரல்கள் நிமிர்ந்தன. ஊருக்குப் போனவர்கள் புண்ணோடு திரும்பிவந்தார்கள்.

நோயே சதையைத் தின்கிறது என்று மருத்துவர்களும் நம்பிய காலம் அது. பிராண்ட் அதை ஒப்புக்கொள்ளாமல், நவஜீவ நிலையம் என்று வேலூரில் அமைத்த சிறு குடியிருப்பில் ஒவ்வொரு காயத்தையும் துப்புத் துலக்கினார். எங்கே ஏற்பட்டது, எப்போது, எதைத் தொட்டபோது? சுத்தியின் பிடியில் நீட்டிக்கொண்டிருந்த சிராய், அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம். துருப்பிடித்த பூட்டைப் பெரியவர்கள் திறக்க முடியாமல் விட்டபோது ஒரு சிறுவன் வந்து திறந்துகொடுத்தான். எலும்பு தெரியுமளவு விரல் அறுந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. இப்படிக் கிட்டத்தட்ட எல்லாக் காயத்துக்கும் வெளியில் ஒரு காரணம் அகப்பட்டது. சிலவற்றுக்கு மட்டும் அகப்படவில்லை. இரவில் முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. விழித்திருந்து பார்த்தபோது குற்றவாளி பிடிபட்டது. எலி.

கை சரியாகிவிட்ட ஓர் இளைஞர் சனி ஞாயிறுக்குச் சென்னையில் இருந்த தன் வீட்டுக்குப் போனதைப் பிராண்ட் எழுதியிருக்கிறார். முதல் நாள் இரவு தூக்கத்தில் எலி விரலைக் கடித்துவிட்டது. மறுநாள் தூங்கவே கூடாது என்று அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு படித்தவர் கண்ணயர்ந்தபோது இன்னொரு கை சூடான விளக்கின்மேல் சாய்ந்துவிட்டது. இரண்டு கையிலும் புண்ணோடு வேலூர் திரும்பினார். நவஜீவ நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவர் ஒரு பூனையையும் கூட்டிப்போகவேண்டும் என்று பிராண்ட் விதி வைத்திருந்தார். மருத்துவமனைகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவற்றில் இத்தனை பொருத்தமான ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

வார்டில் இருக்கும்வரை நமக்காகக் கவனிக்க ஆட்கள் உண்டு. நான்கு மணிக்கொருமுறை நர்ஸ் வருகிறார், காய்ச்சல் பார்க்கிறார், மூத்திரம் எவ்வளவு போயிற்று என்று குறித்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்ததும் இந்த வேலை முழுதும் நோயாளியின் உடம்பின் தலையில் விழுகிறது. வலித்தால் தெரியும், சரியானால் தெரியும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். பல நோய்களில் இந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது. சிலவற்றில் உடம்பு வாயே திறக்காது. சிலவற்றில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும், ஆகியிருக்காது. இன்னும் சிலவற்றில் ஆபத்து விலகிய பிறகு கூப்பாடு போடும். உன் உடம்பு எந்த இடத்தில் உன்னை ஏமாற்றும் என்பதைத்தான் டிஸ்சார்ஜ் நாளில் முதலில் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. மாத்திரைக் கணக்கு அதற்கு அப்புறம்.

வாய் திறக்காத உடம்புக்கு இன்று தொழுநோயைத் தேடிப் போகவேண்டியதில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் நரம்புகள் அதே போல மரத்துப்போகின்றன. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்டார். திருமணியிலும் வேலூரிலும் கற்ற பாடம் அங்கிருந்து உலகத்தின் சர்க்கரை நோய்ப் பாதங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பாதத்தில் ஒரு நைலான் இழையை வளையும்வரை அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இன்று பெரிய மருத்துவமனைகளில் உண்டல்லவா, அதைப் பரவலாக்கியதில் கார்விலுக்குப் பங்கு உண்டு. ஆறாத பாதப் புண்ணுக்குக் காலைச் சுற்றிப் படிய மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிடும் முறைக்குப் பூர்விகம் இன்னும் கிட்டத்தில்: 1930களில் கொழும்பில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர் செய்தது.

சர்க்கரைப் புண்ணுக்காக வார்டில் கிடந்து வீட்டுக்குப் போகிறவரிடம் வழக்கமாகச் சொல்லப்படுவது, "காலைப் பத்திரமா பாத்துக்குங்க." யாருக்குச் சொல்கிறோம் என்று பார்க்கவேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் நாள் முழுதும் கருங்கல் சில்லுகளின் நடுவே உட்கார்ந்து உளி பிடிக்கிறவருக்கு, செருப்புக்குள் புகுந்த ஒரு சில்லு சாயங்காலம்வரை கூடவே நடந்தாலும் தெரியாது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான குப்பங்களில் மத்தியான வெயிலில் காய்ந்த மணல் மரத்த பாதத்தைப் பொரித்துவிடும். திருக்கழுக்குன்றத்தில் செருப்பைக் கீழே விட்டு மலையேறும் பக்தருக்கும் அப்படித்தான். வலித்தால் வாங்க என்று இவர்களுக்குச் சொல்லி அனுப்புவது கொடுமை. வலிக்காது. வலிக்காததுதான் நோய்.

இவர்களுக்குச் சொல்லவேண்டியதைத் தொழுநோய் மருத்துவமனைகள் எப்போதோ வகுத்துவைத்துவிட்டன. தினமும் ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் கண்ணால் பார்க்கவேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லலாம். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி உள்ளே கையை விட்டுத் துழாவவேண்டும். தண்ணீரின் சூடு பார்க்கக் கால் உதவாது. முழங்கையை நனைத்துப் பார்க்கவேண்டும். சிவந்த இடம், புதிய கொப்புளம் என்றால் வலியில்லாவிட்டாலும் மறுநாளே வரவேண்டும். இப்படிச் சொன்னால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றால் இல்லை.

சரியாகிவிட்டது என்று பொய் சொல்லும் உடம்புக்குக் காசநோய் நல்ல சாட்சி. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்று ஒரு ரயில் நிலையத்துக்கு மிச்சமிருக்கிறது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு என்று ஆண்டுக்கணக்கில் படுக்கவைப்பதே அன்றைய வைத்தியம். இந்தியாவில் நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ சில ஆயிரம். இந்த இக்கட்டில் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் பிறந்தது. சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. இங்கிலாந்திலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி நெரிசலான தங்கள் வீட்டுக்கு. இரு பக்கமும் அதே மருந்துகள், 12 மாதம். முடிவு 1959இல் வெளியானது. ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, உழைத்தது அதிகம். ஆனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்கும் கூடுதலாக நோய் தொற்றிவிடவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டு ஒரு பெரிய காரணம்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தி, பார்த்தீர்களா, வீடே போதும் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு இதில் சுவாரசியமானது வேறு. வீட்டுக்கு அனுப்பியவர்களை மையம் சும்மா விடவில்லை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். மருந்து சாப்பிட்டிருக்கிறாரா என்று மூத்திரத்தைச் சோதித்தார்கள். பலர் இடையில் விட்டிருந்தார்கள். ஃபாக்ஸ் 1958இலேயே இதைப் பற்றித் தனியாகக் கட்டுரை எழுதினார். விட்டவர்கள் சோம்பேறிகளோ அறிவிலிகளோ இல்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களில் வேகமாகப் பெருகும் கிருமிகள் மடிந்துவிடும். இருமல் நிற்கும், பசிக்கும், எடை ஏறும். மெதுவாகப் பெருகும் கொஞ்சம் கிருமிகள் உள்ளே பதுங்கியிருக்கும். அவற்றைத் தீர்க்கத்தான் மீதி மாதங்கள். உடம்பு தேறிவிட்டதாகச் சொல்லும்போது கூலிவேலைக்காரர் வேலைக்குப் போவாரா, மாத்திரை வாங்க வரிசையில் நிற்பாரா? ‘ரெண்டாம் மாசம் உங்களுக்குச் சுத்தமா குணமான மாதிரி இருக்கும், அப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும்’ என்று முதல் நாளே சொல்லிவைத்தால், அந்தத் தெம்பு வரும் நாளில் அவருக்கு நம் பேச்சு நினைவுக்கு வரும். மாத்திரையை விடாதே என்று மட்டும் மிரட்டியிருந்தால் வராது.

மூன்றாவது பொய்யைப் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போகலாம். முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்துவந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். (செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றது பலருக்கு நினைவிருக்கும்.) அந்த விஷம் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றப்படுகிறது. குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்தால் அதுதான் பாம்புக்கடி வார்டில் சொட்டுச் சொட்டாக ஏறும் விஷமுறிவு மருந்து.

உயிர் காப்பது குதிரையின் புரதம். நம் உடம்புக்கு அது அந்நியம். ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் உடம்பு அதற்கு எதிராகத் தன் பங்குக்குப் புரதங்களை உண்டாக்குகிறது. இரண்டும் பிணைந்த நுண்திரள்கள் ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் மூட்டுகளிலும் போய்த் தங்குகின்றன. விளைவு காய்ச்சல், தடித்துத் தடித்து அரிப்பு, மூட்டு வலி, நெறிகட்டுதல். சீரம் நோய் என்று இதற்குப் பெயர். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் போட்ட குழந்தைகளிடம் இதைக் கவனித்து வியன்னாவின் பிர்க்கேயும் ஷிக்கும் 1905இல் புத்தகமே எழுதினார்கள். பெரும்பாலோருக்குச் சில நாள் மாத்திரையில் சரியாகிவிடும்.

இப்போது குடும்பத்தின் பக்கம் இருந்து பாருங்கள். பாம்பு கடித்தது, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பிழைத்தார், நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்தார். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ காய்ச்சலும் தடிப்பும். விஷம் முழுசாக இறங்கவில்லை, ஆஸ்பத்திரியில் அரைகுறையாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? பச்சிலைக்காரர் வீடு பக்கத்தில்தான். உடம்பு கூப்பாடு போடுகிறது. விஷமோ போய் ஒரு வாரம் ஆயிற்று. இது வரலாம், விஷத்தால் வருவதில்லை, மருந்தால் வருவது, வந்தால் இங்கேயே வாருங்கள் என்று புறப்படும்போது சொன்னால் இத்தனையும் மிச்சம். சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. கூடவே உண்மையான ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும்: மூத்திரம் குறைந்தாலோ கறுத்துப் போனாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, இமை சரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களில் சேர்க்கப்பட்டது. எத்தனை பேர் கடிபட்டார்கள் என்று இனி தெரியவரும். பத்தாம் நாள் எத்தனை பேர் பயந்தார்கள் என்று எண்ணுவதற்கு ஏற்பாடு இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "பத்தியம் ஏதாச்சும் இருக்குங்களா?" மருத்துவர்கள் இதை விரும்புவதில்லை. "எல்லாம் சாப்பிடலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். பத்தியமில்லாத மருந்து நம்மூரில் பாதி மருந்துதான். ஆகவே காலியாக விட்ட அந்த இடத்தை வாசலுக்கு வரும் ஒவ்வொருவரும் நிரப்புவார்கள். உப்பைக் குறை, மீன் ஆகாது, பகலில் தூங்காதே. கேள்வியை உதறாமல் பிடித்துக்கொண்டிருந்தால், உடம்பின் பொய்களைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் கிடைக்காது. பத்தியம் என்றால் நம் மக்கள் நாள் தவறாமல் இருப்பார்கள். ராத்திரி பாதம் பார்ப்பதையும் பத்தியத்தில் சேர்த்துவிடலாமே.

சரி, சொல்லியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். போய்ச் சேர்ந்ததா? நெதர்லாந்து உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது. நினைவில் நின்றதாக நோயாளி நம்புவதிலும் பாதிக்குப் பாதி தவறு. பதற்றமும் வயதும் இதில் சேர்ந்துகொள்கின்றன. டிஸ்சார்ஜ் நாளில் பதற்றத்துக்குக் குறைவில்லை. மருந்து வாங்கும் வரிசை, பஸ், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள், கூட இருந்தவரின் நாலு நாள் கூலி இழப்பு. "புரிஞ்சுதாம்மா?" "புரிஞ்சுதுங்க சார்." இந்தப் பதிலுக்கு மரியாதை என்பதற்குமேல் அர்த்தமில்லை. புரியவில்லை என்று சொல்வது டாக்டரைக் குறை சொல்வதுபோல ஆகிவிடுமே.

அமெரிக்காவில் டெர்ரி டேவிஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். மருந்துப் புட்டியில் ‘இரண்டு மாத்திரை, தினம் இருமுறை’ என்று எழுதியிருந்தது. படிப்பு குறைந்தவர்களிலும் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எடுத்துக் காட்டுங்கள் என்றபோது சரியாகக் காட்டியவர்கள் 35 சதவீதம்தான். பாதிப் பேருக்கு வாய் சொன்னது கைக்குத் தெரியவில்லை. நம்மூரில் சீட்டில் 1-0-1 என்று எழுதுகிறோம். நடுவில் உள்ள பூஜ்யம் மத்தியானம் வேண்டாம் என்பது எழுதியவருக்குத் தெரியும். மருந்தை வாங்கியவர் நூற்றொன்று என்றும் படிக்கலாம்.

வழி கடினமானதில்லை. புரிந்ததா என்று கேட்காமல், "வீட்டுக்குப் போய் மருமககிட்ட என்ன சொல்லுவீங்க, சொல்லுங்க பெரியம்மா" என்று கேட்கலாம். மாத்திரைகளை மேஜையில் கொட்டி, ராத்திரிக்கு உள்ளதை எடுத்துக் காட்டச் சொல்லலாம். தப்பாகச் சொன்னால் குறை நம் விளக்கத்தில். மறுபடி வேறு மாதிரி சொல்லவேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவில் டீன் ஷில்லிங்கர் 2003இல் மருத்துவர்களின் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார். சர்க்கரை நோயாளிகளிடம் புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்தைத்தான் புரிந்ததா என்று சோதித்திருந்தார்கள். அப்படிச் சோதித்த மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. பாஸ்டனில் பிரையன் ஜாக் குழுவினர் 749 நோயாளிகளிடம் நடத்திய சோதனையில், டிஸ்சார்ஜுக்கென்றே ஒரு நர்ஸை அமர்த்தி, எளிய கையேடு கொடுத்து, இரண்டு முதல் நான்கு நாளில் மருந்தாளுநரை விட்டுப் போனும் பண்ணவைத்தார்கள். முப்பது நாளுக்குள் மருத்துவமனைக்கு ஓடிவருவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அங்கே ஒரு நர்ஸை இதற்கென்று விட முடிந்தது. செங்கல்பட்டு மாதிரி இடத்தில், கட்டிலுக்குக் கீழேயும் பாய் விரித்து நோயாளி படுத்திருக்கும் நாளில், அதே ஏற்பாட்டை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்னது: ஒரு நோயாளிக்கு ஒரு பொய். அவருடைய நோயில் உடம்பு ஏமாற்றும் ஓர் இடத்தை மட்டும் சொல்லி, அதை மட்டும் திருப்பிச் சொல்லவைத்து அனுப்புவது.

அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கேட்காமல் சொல்ல முடியாது. இன்சுலினை எடுத்துக்கொள்வோம். காலை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடவேண்டும் என்று சீட்டில் இருக்கிறது. ஆபீஸ் போகிறவருக்கு அது ஏழரை மணி. குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் போகிறவர் விடிவதற்கு வெகுமுன்பே கிளம்பிவிடுவார். ஊசியைப் போட்டுக்கொண்டு படகைத் தள்ளினால் சாப்பாடு திரும்பிவந்த பிறகுதான். நடுக்கடலில் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று உடம்பு எச்சரிக்கும். ஆனால் வலை இழுக்கிற எந்த மனிதனுக்குத்தான் வியர்க்காது? இங்கே உடம்பு உண்மையைத்தான் சொல்கிறது, வேலை அதை அமுக்கிவிடுகிறது. "எத்தனை மணிக்குக் கடலுக்குப் போறீங்கண்ணே, எப்ப சாப்பிடுவீங்க?" என்ற கேள்விக்குப் பிறகுதான் எழுதவேண்டும் அந்தச் சீட்டை. படகில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கவேண்டும்; கூடப் போகிறவருக்கும் விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

இன்சுலினில் இன்னொரு பொறி, ஊசிக்குழல். நம்மூரில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. பேனாவில் வருவது 100 யூனிட். 100க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. கடையில் சிவப்பு இல்லையென்று ஆரஞ்சை வாங்கி 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. இதைச் சீட்டில் எழுதிப் பயனில்லை. காலி ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு, கடையில் இதையே காட்டி வாங்குங்கள் என்று சொல்வது மேல்.

கடைசியில், யாரிடம் சொல்கிறோம்? வார்டில் துணைக்கு இருந்தவர் லீவு போட்டு வந்த மகன். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போவது மருமகளோ பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியோ. அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வந்திருக்கமாட்டார்கள். பெங்களூரின் நாராயணா மருத்துவமனையோடு தன் வேலையைத் தொடங்கிய நூரா ஹெல்த் அமைப்பு நோயாளியை விட்டுக் குடும்பத்தாருக்கு வார்டிலேயே வகுப்பு நடத்துவது இதனால்தான். தமிழ்நாட்டிலோ வீட்டுக்கே போகிற ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. இரண்டுக்கும் நடுவில், வார்டிலிருந்து வாசல்வரை ஒரு பாலம் போட்டால் போதும். நோயாளி கிளம்பும் அன்றே அந்தக் கிராமத்துத் தன்னார்வலருக்கு ஒரு வரி போகவேண்டும்: பாம்புக்கடி, இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், அரிப்பு வந்தால் அனுப்பவும். அல்லது: சர்க்கரை, பாதம் மரத்தவர், செருப்பையும் பாருங்கள். மாத்திரை அட்டையோடு வாசலில் நிற்கும் அந்தப் பெண் இதைக் கேட்க நேரம் ஆகப்போவதில்லை. அவருக்கு அந்த வரியை யார் அனுப்புவது என்பதைத்தான் மருத்துவமனைகள் இன்னும் முடிவு செய்யவேண்டும்.